இரண்டாவது ஆள்

‘கைதி’ படத்தை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. அந்த லாரியில் கண்மூடிக் கிடப்பவர்கள் எல்லோரும் மயக்க மருந்து கலந்ததைக் குடித்த போலீஸ்காரர்கள். வேறு யாருக்கும் தூக்கம் வருவதே இல்லை.

2019-ல் வந்த லோகேஷ் கனகராஜ் படம். ஜெயிலிலிருந்து வெளியே வந்து மகளைப் பார்க்கப் போகும் டில்லி (கார்த்தி) வண்டி ஓட்டுகிறான். பக்கத்தில் காயம்பட்ட அதிகாரி பிஜோய், வண்டியோடு வரும் கேட்டரிங் பையன் காமாட்சி. சண்டைகளைவிட இந்த மூன்று பேரும் முன்சீட்டில் பேசிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் ஸ்டியரிங் டில்லி கையை விட்டுப் போகாது. ஒரே ராத்திரியில் முடிகிற கதை, அதனால் இயக்குநர் தப்பித்தார். நாமக்கல்லில் கிளம்பி டெல்லி போகிற வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனையோ ராத்திரிகள். அதில் யார் எப்போது தூங்குகிறார் என்பதுதான் அந்தத் தொழிலின் மையக் கேள்வி. நம் சினிமா அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1981-ல் சிவாஜி நடித்த ‘லாரி டிரைவர் ராஜாகண்ணு’ தலைப்பிலிருந்தே பாருங்கள், லாரி என்றால் ஒரு டிரைவர், ஒரு ஹீரோ. செகண்ட் டிரைவர் என்று ஒருத்தர் நம் கதைகளில் பிறக்கவே இல்லை.

சட்டத்தில் மட்டும் அவர் பிறந்திருந்தார். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-வது விதி, நேஷனல் பெர்மிட் வாங்கும் கனரக லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வண்டியின் முழு அகலத்துக்கும், மற்றவர் உடம்பை நீட்டிப் படுத்துத் தூங்கும்படி ஒரு பலகை இருக்கவேண்டும் என்றும் சொன்னது. அரசாங்க விதிப் புத்தகத்தில் ஒரு மனிதன் கால்நீட்டித் தூங்குவதை யோசித்து எழுதிய வரி அபூர்வம். யாரோ நல்ல குமாஸ்தா. பல வண்டிகளில் அந்த இடத்தில் லைசென்ஸ் இல்லாத கிளீனர் பையன் உட்கார்ந்திருந்தான் என்பது வேறு விஷயம். 2018-ல் அந்த இரண்டு டிரைவர் நிபந்தனை எடுக்கப்பட்டது.

ஏன் எடுத்தார்கள் என்பதற்கு வில்லன் தேடவேண்டாம். கணக்கு போட்டாலே தெரியும். சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 40 என்று வைத்தால் 55 மணி நேர ஓட்டம். 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது, நீண்ட தூரத்துக்குப் பத்து வரை விட்டது. பத்து மணி நேரம் ஓட்டும் ஒருத்தருக்கு ஐந்தரை நாள். மாறி மாறி ஓட்டும் இரண்டு பேருக்கு மூன்று நாளுக்கும் குறைவு. இதோடு நிறுத்தினால் இரண்டாவது ஆள் லாபம்தான். ஆனால் லோடு ஏற்ற, இறக்க, குடோன் வாசலில் வரிசையில் நிற்க என்று இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நாள் போகிறது என்று வையுங்கள். எட்டரை நாள் ஐந்தே முக்கால் நாள் ஆகும். சம்பளம் இரண்டு மடங்கு, நேரம் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். கம்ப்யூட்டர்காரர்கள் இதை ஆம்டால் விதி என்போம். எத்தனை பிராசஸர் சேர்த்தாலும், பிரித்துக் கொடுக்க முடியாத வேலை அப்படியேதான் நிற்கும். குடோன் வாசலில் இரண்டு டிரைவர் நின்றாலும் கேட் ஒரே நேரத்தில்தான் திறக்கும்.

ஆகவே ஓனர் ஒரு ஆளோடு அனுப்புகிறார். அந்த ஒரு ஆள் பத்து மணி நேரத்தோடு நிறுத்துவதில்லை, பதினாறு ஓட்டுகிறார். மூன்றரை நாளில் டெல்லி. செகண்ட் டிரைவர் எங்கேயும் போய்விடவில்லை, முதல் டிரைவரின் உடம்புக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சரி, இரண்டு பேராகப் போவது சொர்க்கமா? அதுவும் இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிய பணம் இரண்டாகப் பிரியும். ஆறடிப் பெட்டிக்குள் இன்னொருத்தரின் பீடி, குறட்டை, போன் பேச்சு, கோபம் எல்லாவற்றோடும் வாரக்கணக்கில் இருக்கவேண்டும். ஓடுகிற வண்டியில் வரும் தூக்கமும் தூக்கமில்லை. எங்கள் தொழிலில் ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்திருக்க பிரைமரி, செகண்டரி என்று இரண்டு பேரை முறை வைப்பார்கள். செகண்டரிக்குப் பெரும்பாலும் போன் வராது. ஆனாலும் தலையணைக்கடியில் போனை வைத்துத் தூங்கியவர்களுக்குத் தெரியும், காது மட்டும் தூங்காது. லாரியில் அந்தக் காது ஒவ்வொரு பிரேக்கையும் கேட்கும். அமெரிக்காவில் டீம் டிரைவிங் என்பது நிலைபெற்ற தொழில்முறை. ஒருவர் பத்து மணி நேரம் ஓய்ந்தபின் பதினொரு மணி நேரம் ஓட்டலாம் என்பதால் வண்டி கிட்டத்தட்ட நிற்காமல் ஓடும். 2000-களின் தொடக்கத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் வண்டிக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். ஜோடியாக ஓட்டுபவர்களின் தூக்கம் அசைவால் கெடுகிறது. ஆனால் மிக மோசமான தூக்கக் கலக்கமும், விபத்தை நெருங்கிய சம்பவங்களும் தனியாக ஓட்டியவர்களிடம்தான் அதிகம். காரணம் எளிது. கண் சொருகினால் ஜோடியில் ஒருவர் ‘நீ பிடி’ என்று சொல்லிவிட முடியும். தனியாளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அங்கே கணவன் மனைவியாக ஓட்டுபவர்கள் நிறைய. அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடும் வேலை, அதனால் ஆச்சரியமில்லை.

இந்த நம்பிக்கையையும் அதன் முறிவையும் எடுத்த படம் ஒன்று உண்டு. 1953-ல் க்ளூஸோ எடுத்த ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’. நைட்ரோகிளிசரின் ஏற்றிய இரண்டு லாரிகள், வண்டிக்கு இரண்டு பேர். ஊரில் பெரிய ரவுடியாகத் திரிந்த ஜோ, வண்டியில் ஏறியதும் பயந்து சுருங்குகிறான். கூட ஓட்டும் மரியோ அவனை வெறுக்கத் தொடங்குகிறான். எண்ணெய்க் குட்டையில் வண்டி சிக்கிவிடக்கூடாது என்று ஜோவின் கால் மேலேயே ஏற்றி ஓட்டுகிறான். கடைசியில் மரியோ மட்டும் மிஞ்சி இரண்டு பங்கு கூலி வாங்குகிறான். திரும்பிப் போக கம்பெனி டிரைவர் தருகிறேன் என்றும் மறுத்துவிட்டுத் தனியாக ஓட்டி, பள்ளத்தில் விழுந்து சாகிறான். விதியின் விளையாட்டு என்று இந்த முடிவைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது கூலிக்கணக்கு. இரண்டாவது ஆளின் பங்கையும் சேர்த்து வாங்கியவன், அவன் வேலையையும் சேர்த்துச் செய்யப் போய்ச் சாகிறான்.

நான் இருக்கும் காஞ்சிபுரத்தில் இரண்டாவது ஆள் மறைந்த கதை லாரிக்கு முன்பே தறியில் நடந்தது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும், ஒரு ஓரத்து நாடாவைப் போட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். பிள்ளையார்பாளையத்தில் அந்த ஆள் பல வீடுகளில் குழந்தையாக இருந்தது. அவன் பள்ளிக்குப் போனான், நல்லதுதான், அதற்காக யாரும் அழவேண்டாம். பிறகு மனைவி உட்கார்ந்தார். படித்த பையன் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறினான். ஒற்றை ஆள் நெய்யக்கூடிய சேலைகள் பெருகின, கோர்வை குறைந்தது, விலை ஏறியது. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: தறியில் இரண்டாவது ஆள் போனதும் சேலை மாறியது. ஒருவரால் முடிகிறதுதான் ஒருவரிடம் கேட்கப்பட்டது. லாரியில் ஆளை மட்டும் எடுத்தார்கள். 2,200 கிலோமீட்டர் அப்படியே இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்கும் நாளும் அப்படியே இருக்கிறது.

அதே ஒரகடத்துக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வடக்கே போகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. மே மாத வெயிலில் நாக்பூர் தாண்டுபவருக்கு அது பெரிய விஷயம், குறை சொல்லமாட்டேன். பின்பலகையும் பெரும்பாலான வண்டிகளில் இன்னும் இருக்கிறது. அதன்மேல் ஸ்டவ், அரிசிப் பை, தண்ணீர் கேன், மாற்று லுங்கி, மடித்த தார்ப்பாய்.