தினைப்புனத்துச் சோதிடர்

வேங்கை பூத்துவிட்டால் சங்கப் பாடல்களில் வரும் மலைப்பெண்ணுக்கு வயிறு கலங்கும். காரணம் எளியது. வேங்கை பூக்கிறது என்றால் தினை முற்றிவிட்டது, அறுவடை வந்துவிட்டது. நாள் குறித்துச் சொல்வதால் அந்த மரத்தையே 'கணி', அதாவது சோதிடர் என்றார்கள். தினை அறுத்தபின் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக் காவல் இருக்கும் வேலை ஏது? புனத்துக்குப் போகாவிட்டால் காதலனைப் பார்ப்பது எப்படி? ஊருக்கு விளைச்சல் சொல்லும் பூ, அவளுக்குப் பிரிவைச் சொல்கிறது. இதைத் திருக்கோவையாரின் தோழி வேடிக்கையாகவே அங்கலாய்க்கிறாள்: அரும்பிலேயே கிள்ளியிருந்தால் இந்தச் சோதிடரால் நம் தினையை முடித்திருக்க முடியுமா?

அதே பூவைச் சங்கப் புலவர் கபிலர் கையாளும் நயம் வேறு. அகநானூற்று 2ஆம் பாட்டில் தோழி, 'காவலர் அயரும் நேரம் பார்த்து இரவில் வரலாம்' என்று தலைவனிடம் இணக்கமாகப் பேசிக்கொண்டே வருகிறாள். முடிக்கும்போது இரண்டே செய்திகள்: வேங்கை மலர்ந்துவிட்டது, நிலவும் நிறைந்துவிட்டது. நிலா வெளிச்சத்தில் களவாக வந்து போக முடியாது; வேங்கை பூப்பதோ மலைநாட்டில் கல்யாணக் காலம். 'பெண் கேட்டு வா' என்று அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை. மரமும் நிலவும் சொல்லிவிட்டன.

வேங்கையை நேரில் பார்த்தால் இந்தக் கலை இன்னும் பிடிபடும். கரிய அடிமரம், மேலே மஞ்சள் கொத்துகள். உதிர்ந்த பூ படிந்த பாறை, வரிப்புலிக் குட்டியாகத் தெரிவதாகக் குறுந்தொகை சொல்வது மிகையல்ல. வேங்கைப் பூப்பறிக்கும் பெண்கள் 'புலி, புலி' என்று கூவும் வழக்கமும் இருந்தது. அகநானூறு 48இல் அந்தக் கூச்சலை நம்பி வில்லோடு ஓடிவருகிறான் ஒருவன். புலி இல்லை, காதல் தொடங்கிவிடுகிறது. பாட்டுக்கு வெளியேயும் இந்த மரத்துக்கு இடமுண்டு: பட்டையைக் கீறினால் வடியும் செந்நிறப் பாலைக் காய்ச்சி, குழந்தைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பார்கள்.

வள்ளியின் புனத்தில் முருகன் எடுத்த உருவம் வேங்கை மரம். கண்ணகி விண்ணேறுமுன் நின்றதும் வேங்கை நிழல். இத்தனையையும் தாங்கும் மரத்தைச் செய்யுளின் அலங்காரம் என்று ஒதுக்குவது ரசனைக் குறைவு. குறிஞ்சித் திணைப் பாடல்களில் வேங்கை வந்தால் அடுத்த வரிக்கு ஓடாதீர்கள். பாட்டின் மையச் செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.