நட்சத்திரத் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகம்

கடந்த பள்ளி விடுமுறையில் அக்கா மகள் ஒரே ஆல்பத்தை மூன்று பிரதி வாங்கி வந்தாள். வீட்டில் குறுந்தட்டு போடும் கருவியே கிடையாது. மூன்றையும் பிரித்து, தட்டுகளைத் தொடாமல், உள்ளே இருந்த சின்னப் படஅட்டைகளை மட்டும் உருவிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய முகம் மூன்றிலுமே வரவில்லை. ஒன்று எண்பது வெள்ளிச் சொச்சம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இவங்க எல்லாரும் கம்பெனி செஞ்சு விக்கிற பொம்மைங்கம்மா" என்றேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும் மாமா. எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் ட்ரெய்னிங், எல்லாம் தெரியும்."

அந்தத் "தெரியும்" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வெகுஜன இசையைப் பற்றி எழுதும் எங்களைப் போன்றவர்களுக்குக் கைவசம் ஒரே ஒரு கட்டுரைதான் உண்டு. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதிய பண்பாட்டுத் தொழில் பற்றிய வாதத்தை எடுப்போம், அதை இன்றைய பாடகர் யார்மீதாவது பொருத்துவோம், முகமூடியைக் கிழித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் முகமூடியே போடாத ஒருவரிடம் எதைக் கிழிப்பது?

ஒரு காலத்தில் தொழிற்சாலைக்குக் கதவு இருந்தது. மில்லி வனில்லி என்ற இரட்டையர் 1990இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதை வாங்கினார்கள். ஆல்பத்தில் ஒலித்த குரல்கள் அவர்களுடையவை அல்ல என்று அவர்களின் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் அதே ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டதும் விருது பறிக்கப்பட்டது. இதே ஃபாரியன்தான் அதற்கு முன் போனி எம் குழுவை உருவாக்கியவர். என் சித்தப்பா தேயத் தேயக் கேட்ட கேசட்டில் வரும் அந்த ஆண்குரல், மேடையில் குதித்தாடிய பாபி ஃபாரலுடையது அல்ல, ஃபாரியனுடையது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதனால என்னடா?" என்றார். நியாயம்தான். எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். ஒருவரே பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டிக்கெட் காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வாயசைப்பது வேறொருவர் என்பது அமெரிக்கர்களுக்கு மோசடி, நமக்கு சினிமா.

ஆகவே செய்யப்பட்டது என்பதே ஒரு குற்றச்சாட்டு ஆகாது. கொரியர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எஸ்எம் நிறுவனம் போவா என்ற சிறுமியைப் பதினொரு வயதில் எடுத்துப் பயிற்சி கொடுத்து, 2000ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில் மேடையேற்றியது. நடனம், ஜப்பானிய மொழி என்று அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியை யாரும் ஒளிக்கவில்லை. அதுவே அவளுடைய கதையாக விற்றது. இன்று எந்த ஐடலின் அறிமுகத்திலும் பயிற்சி ஆண்டுகள் தகுதிச் சான்றிதழ் மாதிரி இருக்கும். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதே விற்பனை ஆகிவிட்டது.

அதன் உச்சம் எம்நெட் தொலைக்காட்சியின் 'புரொடியூஸ் 101'. 2016இல் தொடங்கியது. 101 பெண்கள் ஒரே சீருடையில், தரவரிசைப்படி எழுத்து ஒட்டப்பட்டு நின்றார்கள். நிகழ்ச்சி பார்வையாளரை 'தேசியத் தயாரிப்பாளர்களே' என்றுதான் விளித்தது. யார் குழுவில் சேருவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இறுதிச் சுற்றில் ஒரு குறுஞ்செய்தி வாக்குக்கு 100 வோன். கவனித்துப் பார்த்தால், விற்கப்பட்டது பாட்டும் அல்ல, முகமும் அல்ல. 'இவளை நான் உருவாக்கினேன்' என்ற உரிமையுணர்ச்சி. அக்கா மகளின் படஅட்டைகளும் அதே சரக்குதான். தன் ஆளின் முதல்வார விற்பனைக் கணக்கில் ஒன்றாவது தன்னுடையது என்று அவளுக்கு இருக்க வேண்டும்.

நான்காவது பருவமான 'புரொடியூஸ் எக்ஸ் 101' 2019 ஜூலையில் முடிந்தது. இறுதி வாக்கு எண்ணிக்கையை ரசிகர்கள் உட்கார்ந்து கழித்துப் பார்த்தார்கள். அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான வித்தியாசமாக 29,978 என்ற அதே எண் திரும்பத் திரும்ப வந்தது. இன்னும் தோண்டினால், எல்லாருடைய வாக்கும் 7494.442 என்ற எண்ணின் முழுமடங்குகளாக இருந்தன. மக்கள் போட்ட வாக்கு இப்படி விழாது. யாரோ சதவீதத்தை முதலில் எழுதிவிட்டு வாக்கைப் பிறகு நிரப்பியிருக்கிறார்கள். ரசிகர்கள் கூட்டாகப் புகார் கொடுத்தார்கள். நவம்பரில் தயாரிப்பாளர் ஆன் ஜுன்-யோங் கைதானார். நான்கு பருவங்களிலும் தில்லுமுல்லு நடந்தது வெளியே வந்தது. அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. வென்றவர்களைக் கொண்டு ஆகஸ்டில் அறிமுகமான எக்ஸ்1 குழு 2020 ஜனவரியில் கலைக்கப்பட்டது.

எனக்கு இதில் வெட்கமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. மூளைச்சலவை செய்யப்பட்ட கூட்டம் என்று நாங்கள் எழுதிவந்தோமே, அந்தக் கூட்டம்தான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மோசடியைப் பிடித்தது. எந்த விமர்சகனும் பிடிக்கவில்லை. நாங்கள் உற்பத்தி உற்பத்தி என்று கத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் கணக்கைப் பார்த்தார்கள். இந்தத் தொழிலில் உண்மையில் மூடிவைக்கப்படுவது கணக்கு மட்டும்தான்.

கொரியாவில் மட்டும் இப்படி இல்லை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவை ஒன்றுசேர்த்த லூ பெர்ல்மன், ஐந்து பையன்களுக்கு நடுவில் தன்னையும் ஆறாவது உறுப்பினராகக் கணக்கில் எழுதிப் பங்கு எடுத்தவர். பையன்கள் 1998இல் வழக்குப் போட்டார்கள். கொரியாவில் 2009இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூவர், பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டுதான் அரசின் மாதிரி ஒப்பந்தம் ஏழு ஆண்டு வரம்பைக் கொண்டுவந்தது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வாரம் 35 மணி நேரம்தான் வேலை, இரவு பத்துக்கு மேல் கூடாது என்று பிறகு சட்டமும் வந்தது. ஏட்டில் இதெல்லாம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் யார் என்ற கேள்விக்கு ஏடு என்ன சொல்கிறது? நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி, வேலையிடத்தில் தான் அவமதிக்கப்பட்டதாக 2024 அக்டோபரில் கொரிய நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து அழுதபடி சொன்னாள். அடுத்த மாதம் தொழிலாளர் அமைச்சு, தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின்படி அவள் தொழிலாளியே அல்ல என்று முடிவு சொன்னது. நிர்ணயித்த வேலை நேரமில்லை, நிர்ணயித்த வேலையிடமில்லை, வரியை வணிக வருமானத்துக்குக் கட்டுகிறாள், ஆகவே நிறுவனத்துக்குச் சமமான ஒப்பந்தத் தரப்பு. புகார் உண்மையா பொய்யா என்பதற்குள் நான் போகவில்லை. எப்போது எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதெல்லாம் அட்டவணையில் வரும் ஒரு இருபது வயதுப் பெண்ணைச் சட்டம் சுயதொழில் முதலாளியாகப் பார்க்கிறது. விமர்சகன் பொம்மை என்கிறான், சட்டம் முதலாளி என்கிறது. உழைக்கிறவள் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாம், கணக்குப்பிள்ளை எழுதியதுதான் கூலி என்று கேட்டு வளர்ந்தவர்கள். இது நமக்குப் புரியாமல் போகக்கூடாது.

2020 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்கு மோசடியில் இடம் இழந்த பன்னிரண்டு பேரின் பெயர்களை வெளியிட்டது. லாபம் அடைந்தவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அவர்கள் பலிகடா ஆகிவிடக் கூடாது என்பது காரணம். அந்தப் பட்டியலில் ஹான் சோ-வொன் என்ற பெண் இருந்தாள். 2018 பருவத்தில் அவளுக்கு உண்மையில் கிடைத்தது ஆறாவது இடம். திரையில் காட்டப்பட்டது பதின்மூன்றாவது. குழுவில் இடம் பன்னிரண்டு பேருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு அக்கா மகளிடம் போனேன், ஏதோ நான் கண்டுபிடித்த மாதிரி. அவள் தோழியோடு படஅட்டை மாற்றிக்கொள்வதற்காகப் பேரங்காடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சோ-வொன்தானே? ஆறாவது" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "அப்புறம் லைட்சம் குரூப்ல வந்துட்டாங்க மாமா. அவங்க ஆல்பம் ஒண்ணு வாங்கித் தரீங்களா?"