அம்மா பிள்ளை மாணிக்கம்

'மெட்டி ஒலி' தொடர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அப்பா சிதம்பரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஐந்து பெண்களைக் கரையேற்றும் அந்த அப்பாவாக டெல்லி குமார் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்கலங்கி நிற்கும் அப்பாவை யாருக்குத்தான் பிடிக்காது? நான் அந்தத் தொடரைப் பார்த்தது மருமகன் மாணிக்கமாக நடித்த சேத்தனுக்காக.

மனைவி சரோவை மாணிக்கம் அடிப்பதற்குச் சற்று முன்னால் வரும் நொடிகளைக் கவனிக்க வேண்டும். அவன் அம்மா ராஜம் ஏதோ மூட்டிவிட்டுக்கொண்டிருப்பாள் (சாந்தி வில்லியம்ஸை வேறொரு நாள் தனியாகக் கொண்டாட வேண்டும்). கேட்டுக்கொண்டிருக்கும் சேத்தன் முகத்தில் உடனே கோபம் வந்துவிடாது. அம்மா மனசு நோகிறதே என்ற வருத்தம் முதலில் வரும். அது மெல்ல இறுகி, பிறகுதான் மனைவி பக்கம் திரும்பும். தன்னை நல்ல பிள்ளை என்று முழுசாக நம்புகிற ஒருவனின் கொடுமை அது. எங்கள் தெருப் பெண்கள் சொந்தக்கார மாப்பிள்ளை ஒருவரைத் திட்டுவதுபோலத்தான் மாணிக்கத்தைத் திட்டினார்கள்.

சிறு வயதில் எனக்குச் சேத்தன், 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரின் ராஜேந்திரன். 'மர்மதேசம்' ரசிகர்களில் பாதிப் பேர் அதே வரிசையின் 'ரகசியம்' பக்கம் நிற்பார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் கதைப்பின்னல் அதில் இன்னும் கச்சிதம் என்பார்கள். இருக்கட்டும். 'விடாது கருப்பு'வில் கருப்பின் குதிரைக் குளம்பொலி கேட்டதும் போர்வைக்குள் போன எங்களிடம் அந்த வாதம் செல்லாது. முடிவு தெரிந்தபின் அந்தத் தொடரை மறுபடி பார்த்தபோதுதான் சேத்தனின் நேர்மை புரிந்தது. கருப்பு யார் என்பதை அவர் முகம் எங்கேயும் காட்டிக்கொடுக்கவில்லை, எங்கேயும் ஏமாற்றவும் இல்லை. இயக்குநர் நாகாவும் கேமராவை அவசரப்படுத்தாமல் அந்த முகத்தில் நிறுத்தியிருந்தார். 2023இல் 'விடுதலை' படம் பார்த்துவிட்டு, இவருக்குள் இவ்வளவு குரூரமா என்று வியந்தவர்கள் இந்த இரண்டு தொடர்களையும் தவறவிட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தபோது வீட்டுப் பிள்ளைகள் இழுவை என்றார்கள். இன்றைய தொடர்களில் ஒரு வசனம் முடிந்தால் இடிச் சத்தத்தோடு ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்களே, அதுதான் இழுவை. அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க நடிகருக்கு அங்கே நேரமே கிடையாது. சேத்தன் தன் நடிப்பில் பெரும்பகுதியை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் செய்தார்.