யாருக்காக அச்சாகிறது படக்கதை?

1972ஆம் ஆண்டு இரண்டு படக்கதைகள் வெளிவந்தன. ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது: 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஓர் ஆணின் சாகசம் அது. பிரிட்டிஷ் சிறுவர் இதழொன்றில் பத்தாண்டுகளுக்கு முன் வந்த தொடரின் தமிழ் வடிவம். அதே ஆண்டு மே மாதம் ஜப்பானில், சிறுமிகளுக்கான 'மார்கரெட்' வார இதழில் ரியோகோ இகேதா 'வெர்சாய் ரோஜா' என்ற தொடரைத் தொடங்கினார். ஆணாக வளர்க்கப்பட்டு, பிரெஞ்சு அரண்மனைக் காவல்படைக்குத் தலைமை ஏற்கும் ஆஸ்கர் என்ற பெண்ணின் கதை. வரைந்தபோது இகேதாவுக்கு வயது 24.

இரண்டையும் தராசில் வைத்து ஒன்றைத் தாழ்த்துவது என் நோக்கமல்ல. மாயாவியைப் படித்து வளர்ந்த தமிழ்ப் பெண்களும் உண்டு. ஒரு படக்கதைப் பதிப்பகம் தன் வாசகரை யாராகக் கற்பனை செய்கிறது, அந்தக் கற்பனை எந்தப் பெண்களை வரைய விடுகிறது, எந்தப் பெண்களை விளிம்புக்குத் தள்ளுகிறது என்பதே என் கேள்வி. ஜப்பானுக்கு வெளியே, மங்கா பாணியில் ஒரு சிறு பதிப்பகம் நடத்துவதைப் பற்றி நம் ஊர்ப் பெண்கள் யோசிப்பதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரையைத் தாண்டிப் போனால் வந்துவிடும் ஊர் சிவகாசி. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸும், அவர் மகன் விஜயன் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் தமிழில் சிறு படக்கதைப் பதிப்பு எப்படிப் பிழைத்திருக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய பாடம். லயனின் முதல் இதழே ஒரு பெண்ணின் பெயரோடு வந்தது: 'கத்தி முனையில் மாடஸ்டி'. கத்தி வீசுகிற, ஆணின் உதவிக்குக் காத்திராத நாயகி. ஆனால் பீட்டர் ஓ'டோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து 1963இல் லண்டன் நாளிதழில் பிறந்தவள் அவள். அவள் வீரம் உண்மையானதுதான். அவளை எந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது என்பதை முடிவு செய்த கண்கள் ஆண்களுடையவை. நாயகி இருப்பது வேறு, படைப்பவளும் படிப்பவளும் பெண்ணாக இருப்பது வேறு.

2012இல் லயன் மறுவரவு கண்டபோது பதிப்பின் பொருளாதாரமும் மாறியது. நியூஸ்பிரிண்ட் தாளும் பெட்டிக்கடை விற்பனையும் பின்னால் போக, வழவழப்பான தாளும் வண்ண அச்சும் சந்தாவும் முன்பதிவும் முன்னால் வந்தன. அதற்குமுன் 2010இலேயே 'இரத்தப் படலம்' தொடரின் பதினெட்டு பாகங்களும் ஒரே தடித்த நூலாக முன்பதிவில் வந்திருந்தன. சிறு பதிப்பகத்துக்கு இது நல்ல வழி. முதல் போடுகிறவரே வாசகர் என்பதால் தேங்கும் பிரதிகள் குறைவு. வாசகருக்கும் ஆசிரியருக்கும் நடுவே உருவாகும் நெருக்கம் வேறெந்தத் தமிழ்ப் பதிப்பகமும் பொறாமைப்படக் கூடியது.

ஆனால் முன்பதிவு என்பதற்குள்ளே ஒரு வாசகர் ஒளிந்திருக்கிறார். கையில் சொந்தச் சம்பளம் உள்ளவர். பல மாதம் முன்கூட்டியே பணம் கட்டக் கூடியவர். நிரந்தர முகவரி உள்ளவர். பார்சல் வந்தால் "என்னது இது, யார் அனுப்பியது?" என்று வீட்டில் யாரும் கேட்காதவர். நம் ஊரில் இந்த நான்கும் ஒருசேரப் பொருந்துகிறவர் பெரும்பாலும் நடுவயது ஆண். நூற்பாலை விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு இந்த நான்கில் எது இருக்கிறது? கல்லூரி மாணவிக்கு? பதிப்பாளர் பெண்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பனை முறையே அவர்களுக்காகப் பேசிவிடுகிறது. பிறகு எந்தக் கதைக்கு உரிமை வாங்குவது என்ற முடிவு, ஏற்கெனவே பணம் கட்டியவரின் சிறுவயது நினைவுகளைச் சுற்றியே அமைவதில் வியப்பில்லை.

மங்கா இதற்கு மாற்றாகுமா? அதன் வரலாற்றில் நமக்கு வேண்டிய சில பக்கங்கள் இருக்கின்றன. 1946இல் 'சசாய்-சான்' நாளிதழ்த் தொடரை வரையத் தொடங்கிய மச்சிகோ ஹசேகவா, அதை நூலாக்க எந்தப் பெரிய பதிப்பகத்தின் வாசலிலும் நிற்கவில்லை. அக்காள் மரிகோவோடு சேர்ந்து தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். பெயர் 'ஷிமாய்ஷா'. சகோதரிகள் நிறுவனம் என்று பொருள். முதல் தொகுதியை அகலவாக்கில் அச்சடித்தார்கள். கடைகளில் அடுக்க வசதியில்லை என்ற புகார் வந்ததும் கைக்கடக்கமான அளவுக்கு மாற்றினார்கள். போரில் நொறுங்கிய நாட்டில், தகப்பன் இல்லாத குடும்பத்துப் பெண்கள் நடத்திய அந்தப் பதிப்பகம் மச்சிகோ 1992இல் இறக்கும்வரை நீடித்தது.

இன்னொரு பக்கம் 1975 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த முதல் 'காமிக் மார்க்கெட்'. சொந்தமாக அச்சடித்த இதழ்களோடு 32 குழுக்கள் கடை போட்டன. வந்தவர்கள் சுமார் 700 பேர். பெரும்பாலோர் சிறுமிகளுக்கான மங்காவை விரும்பிப் படித்த பள்ளி மாணவிகள். இன்று லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் அந்தச் சந்தை அவர்களுடைய கைக்காசில் தொடங்கியது. ஜப்பானுக்கு வெளியே பார்த்தால், அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் தொடங்கிய ஏ.எல்.சி பதிப்பகம், பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் மங்கா கதைகளை 2003 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் வாசகர் இல்லை என்று ஒதுக்கிய இடத்தில் வாசகர் இருந்தார்கள்.

இந்தியாவில் மங்கா விற்ற கதை ஒன்றும் உண்டு. 2004இல் 56 வயது மங்கா ஓவியர் யூகிச்சி யமமாட்சு டெல்லிக்கு வந்து, ஹிரோஷி ஹிராதாவின் சாமுராய் கதையொன்றை இந்தியில் மொழிபெயர்க்கச் செய்து, அச்சடித்து, தெருவில் நின்று விற்றார். ஜப்பானில் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட புராக்கு மக்களைப் பற்றிய கதை அது. இந்த அனுபவத்தை அவர் வரைந்த நூலைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2011இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழி தெரியாமல், அறை கிடைக்காமல், அச்சகக்காரரோடு மல்லுக்கட்டி அவர் படும் பாடு சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சலுகை இருக்கிறது. தெரு அவருக்குத் திறந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் நடைபாதையில் புத்தகக் கட்டோடு உட்கார்ந்து, போகிற வருகிறவரை மறித்துப் பேசி, இருட்டிய பிறகு அறைக்குத் திரும்புவதை நகைச்சுவையாக எழுதிவிட ஓர் ஆணால் முடிகிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் அதையே செய்தால் அது எந்த வகைக் கதையாகும் என்று நினைத்துப் பாருங்கள். சகோதரிகள் நிறுவனமும் காமிக் மார்க்கெட்டும் கூட்டாகச் செயல்பட்டதற்கு ஒரு காரணம் இதில் தெரிகிறது.

மங்கா என்றாலே பெண்விடுதலை என்று கொள்ளவும் முடியாது. தமிழில் பேசும் டோரேமான் நம் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். அதில் ஷிசுகா குளித்துக்கொண்டிருக்கும்போது நோபிதா உள்ளே வந்துவிடுவது மறுபடி மறுபடி வரும் வேடிக்கை. அவளுடைய கூச்சம் அங்கே சிரிப்புக்கான பொருள். இளம்பெண் உடலைத் துண்டுதுண்டாகக் காட்டும் மங்காவுக்கும் பஞ்சமில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் தாளில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை மங்காவில் தோல் என்பது மை படாத தாள். எதுவும் செய்யாமல் விட்டால் பாத்திரம் வெள்ளையாகிவிடும். கறுத்த தோலை வரைய வேண்டுமானால் கோடு நிரப்ப வேண்டும், புள்ளித்திரை ஒட்ட வேண்டும். அதாவது வெளுப்பு இலவசம், கறுப்புக்குக் கூடுதல் உழைப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் மாணவிகள் வரையும் பெரிய கண்ணும் கூர்மோவாயும் கொண்ட முகங்கள் அழகானவை. ஆனால் அவற்றில் அவர்களுடைய நிறம் இல்லை. அழகுக் களிம்பு விளம்பரங்கள் சொல்லித்தந்ததை இந்தப் பாணி சத்தமில்லாமல் உறுதி செய்துவிடலாம். நம் மண்ணில் மங்கா பாணியில் வரைகிறவள் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இதுதான். தோலுக்கு மை செலவழிப்பது இங்கே ஓர் அரசியல் முடிவு.

அப்படி வரைந்தால் எதை வரைவது? இந்தச் சமவெளியின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களின் சில ஆண்டு உழைப்பு, கல்யாணச் செலவுக்கான மொத்தத் தொகை என்ற வாக்குறுதிக்குள் கட்டப்பட்டது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு ஆடை நிறுவனமும் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு 'திண்டுக்கல் உடன்படிக்கை' என்றே பெயர். சாதிக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான அந்த ஆவணம் உலகத் தொழிலாளர் அரங்குகளில் பேசப்படுகிறது. நம் ஊரில் அதைப் படிக்கக்கூடிய வடிவம் எங்கே? புகார் கொடுப்பது எப்படி, கொடுத்தவளைப் பழிவாங்கினால் என்ன செய்வது என்பதைப் பத்துப் பக்கப் படக்கதை சொல்லிவிடும். தயக்கத்தை, பக்கத்து மிஷினில் இருப்பவளின் ஒரு பார்வையை, சொல்லாமல் விழுங்கிய வார்த்தையை நீட்டிக் காட்ட மங்காவின் மௌனக் கட்டங்கள் பொருத்தமானவை. அந்த மொழியைக் கூர்மையாக்கியவர்கள் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா போன்ற பெண் ஓவியர்கள்.

பணம்? வண்ண ஆஃப்செட்டுக்கு நான்கு பிளேட் வேண்டும், கறுப்புக்கு ஒன்று போதும். எத்தனை குறைவாக அச்சடிக்கிறோமோ அத்தனைக்குப் பிரதியின் அடக்கவிலை ஏறும். ஆகவே முதல் இதழுக்கு அச்சகமே வேண்டாம். நான்கு ஏ4 தாளை மடித்தால் பதினாறு பக்கம். எட்டு முகம் ஜெராக்ஸ். முகத்துக்கு ஒரு ரூபாய் என்றால் பிரதிக்கு எட்டு ரூபாய், நூறு பிரதிக்கு எண்ணூறு. பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு எண்பது. ஷரத் சர்மாவின் 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' இன்னும் எளிய வழி காட்டியிருக்கிறது: இரண்டு ஏ4 தாளை ஒட்டி, நான்கு கட்டத்தில் ஒரு கதை, ஜெராக்ஸ் எடுத்து ஊர்ச் சுவரில் ஒட்டு. ஓவியர் என்ற பட்டம் அதற்குத் தேவைப்படவில்லை. நிறையப் பணமும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியின் பெண்ணியப் பதிப்பகம் சுபான் 2015இல் பதினான்கு பெண் ஓவியர்களோடு ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'டிராயிங் தி லைன்' தொகுப்பு இருக்கிறது. தமிழில் அதற்கு இணையான ஒன்றுக்காகக் காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பது மட்டுமே போதாது.

விற்பனை முறையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். முன்பதிவும் பார்சலும் எட்டாத வாசகிக்கு எது எட்டும்? விடுதி அறையில் கைமாறும் பிரதி, சங்கக் கூட்டம், மகளிர் குழு, எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி போன்ற இடங்களின் வகுப்பறை, ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் பல பெண்கள் சேர்ந்து எடுக்கும் ஒரு மேசை. பெயர் போட அஞ்சுகிறவள் புனைபெயரில் வரையலாம். தன்னைப் போன்ற பலர் கையில் ஒரே பிரதி அழுக்காகிக் கிழிந்து சுற்றுவதை இந்தப் பதிப்பகம் நஷ்டமாகக் கணக்கெழுதக் கூடாது.

சிவகாசி நமக்குச் சொல்லித்தந்தது விடாப்பிடி. டோக்கியோ மாணவிகள் சொல்லித்தந்தது கூட்டு. மாயாவிக்கு மறைவது சாகசம். இங்கே ஆலைகளிலும் விடுதிகளிலும் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கு அதில் சாகசம் எதுவும் இல்லை. அவர்களைத் தாளில் தெரியவைக்கும் படக்கதை தமிழில் இனிமேல்தான் வர வேண்டும். அதை வரையப்போகிறவர்களில் சிலர் இந்த நூலைப் படித்துக்கொண்டிருக்கலாம்.