தூரத்து உறவினர்: இரத்தமா, உழைப்பா?

கலைஞனின் நல்லெண்ணம் அவனது படைப்பின் உயர்வுக்குச் சான்றாகிவிடாது. கலைக்குச் சமுதாயப் பணி உண்டெனக் கொள்வோர் இதனை எளிதில் மறந்துவிடுவதுண்டு. தமக்கு உவப்பான குரல் எங்கு கேட்பினும், அது யாரை நோக்கி என்ன சொல்கின்றது என ஆராயுமுன்னரே பாராட்டிவிடுவர். நாஸ், டேமியன் மார்லி ஆகிய இருவரும் இணைந்து 2010 மே மாதத்தில் வெளியிட்ட 'டிஸ்ரன்ற் றெலற்றிவ்ஸ்' என்னும் இசைத்தொகுப்பு அத்தகைய ஆராய்ச்சியை வேண்டி நிற்பது. 'தூரத்து உறவினர்' என்பது அத்தலைப்பின் பொருள்.

இருவரும் அப்பொழுதே அனுபவம் முதிர்ந்தவர்கள். நாஸ், வட அமெரிக்காவின் மிகப் பெரிய பொதுக் குடியிருப்பாகிய நியூயோர்க் குவீன்ஸ்பிறிட்ஜில் வளர்ந்தவர். 1994இல் வெளிவந்த 'இல்மற்றிக்' என்னும் முதல் தொகுப்பினாலேயே ஹிப்-ஹொப் கவிதைக்குப் புதிய செறிவைத் தந்தவர். டேமியன், ஜமெய்க்காவின் பொப் மார்லியினுடைய கடைசி மகன். உல்லாசப் பயணிகளின் கண்ணிற் படாத ஜமெய்க்காவின் வறுமையையும் வன்முறையையும் 2005இல் பாடிப் புகழ்பெற்றவர். ஆபிரிக்காவிற் பாடசாலைகள் கட்ட உதவவேண்டும் என்ற நோக்கோடு இவர்கள் தொடங்கிய முயற்சியே 13 பாடல்கள் கொண்ட தொகுப்பாக விரிந்தது.

தலைப்புக் குறிக்கும் உறவு கற்பனையானதன்று. கிங்ஸ்ரனிற் பிறந்து, 1967இல் நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்பவர், 1973 ஆகஸ்ட் 11ஆந் திகதி, தாம் வாழ்ந்த மாடிக் குடியிருப்பில் தம் சகோதரி நடத்திய விருந்திலே இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். ஹிப்-ஹொப்பின் பிறந்தநாளாக அந்நாளையே கொள்வர். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறிமாறி ஓட்டி, தாளம் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டிக்கொண்டே போகும் முறை அவர் கையில் உருவாயிற்று. பாரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி, சுழலும் இசையின்மேல் ஒருவர் பேசிப் பேசி மக்களை ஆடவைக்கும் கிங்ஸ்ரன் ஏழைகளின் வழக்கமே அதற்கு முன்மாதிரி. ஆகவே றெகேயும் ஹிப்-ஹொப்பும் உறவினரே. அவற்றை உறவாக்கியவை தோலின் நிறம் மட்டுமல்ல. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பங்களின் வாழ்வும், கைக்கெட்டிய கருவியைக் கொண்டே இசை படைத்த அவர்களின் உழைப்பும் அவ்வுறவின் வேர்களாகும்.

இவ்வுண்மை தொகுப்பின் முதற் பாடலில் உயிரோடு விளங்குகின்றது. அங்கே இருவரும் அடிக்கு அடி மாறிப் பாடுகின்றனர். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கின்றார். இருவரில் தலைவரும் இல்லை, பின்பாட்டுக்காரரும் இல்லை. அடியில் ஓடும் இசை எதியோப்பியரான முலாற்று அஸ்தாத்கேயினுடையது. அவரோ பிரித்தானியாவிலும் பொஸ்ரனிலும் கற்று, 1966இல் நியூயோர்க்கில் இசைத்தட்டுக்கள் வெளியிட்டு, பின் அடிஸ் அபாபா திரும்பித் தம் மண்ணின் பண்களோடு ஜாஸ் இசையைக் கலந்தவர். உறவைப் பற்றி எவ்வித உபதேசமும் இன்றி, உருவத்தினாலேயே அதனை உணர்த்திவிடும் பாடல் இது.

'பேஷன்ஸ்' என்னும் பாடலும் அத்தகையது. மாலி நாட்டின் பார்வையற்ற தம்பதியரான அமடூ, மரியம் ஆகியோரின் 'சபாலி' என்னும் பாடலின்மேல் அது எழுப்பப்பட்டுள்ளது. கற்றவர் எனப்படுவோரின் அறிவு யாருடைய அறிவு என அப்பாடல் வினவுகின்றது. ஆசிரியரும் மாணவரும் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய வினா இது.

எனினும், ஆபிரிக்காவை நேர்முகமாகப் பாட முற்படும் இடங்களில் தொகுப்பு தளர்கின்றது. 'லான்ட் ஒப் பிறொமிஸ்' என்னும் பாடல் வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கனவு காண்கின்றது. அக்கனவிலே கானா கலிபோர்னியாவாகின்றது, சோமாலியா நியூயோர்க்காகின்றது, ஜொகன்னஸ்பேர்க் மயாமியாகின்றது. வறியதெனவே காட்டப்பட்ட கண்டத்தை ஒளிமயமாகக் காணும் ஆசையை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் நியூயோர்க்கின் ஒளிவிளக்குகளுக்குப் பின்னால் குவீன்ஸ்பிறிட்ஜ் இருப்பதை நாஸைவிட நன்கறிந்தவர் யார்? எந்த நகரின் அநீதியைப் பாடி அவர் கவிஞரானாரோ, அந்த நகரே இங்கு விடுதலையின் வடிவமாகிவிடுகின்றது.

இறுதிப் பாடலாகிய 'ஆபிரிக்கா மஸ்ட் வேக் அப்' மேலும் ஒருபடி செல்கின்றது. பண்டை அரசரின் பெருமையை நினைவூட்டி இளைஞரைத் துயிலெழுப்புவது அதன் நோக்கம். பண்டைப் பெருமையில் மயங்கும் நோயை நம் மொழியினரும் அறிவர். அரசர் ஆண்ட காலத்திற் கல் சுமந்தவர் யார் என்பதை அந்நோய் கேட்கவிடாது. அதனினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: உறங்குவது யார்? 1947 ஒக்ரோபரில் தக்கார்-நைஜர் புகையிரதப் பாதைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு மார்ச் வரை நீடித்தது. செம்பேன் உஸ்மான் அதனை 1960இல் நாவலாக்கினார். அம்மக்கள் உறங்கவில்லை. 2012 ஆகஸ்ட் 16ஆந் திகதி, தென்னாபிரிக்காவின் மாரிகானாவிற் கூலி உயர்வு கேட்ட பிளாற்றினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். அவர்களும் விழித்தே இருந்தனர். விழித்திருப்பவனைப் பார்த்து 'விழித்தெழு' என்பது அவனது துன்பத்துக்கு அவனையே பொறுப்பாளியாக்குவதில் முடிந்துவிடும்.

குவாமே நிக்ருமா 1963இல் எழுதிய நூலின் தலைப்பு 'ஆபிரிக்கா ஒன்றுபட வேண்டும்' என்பது. ஒன்றுபடு என்பதற்கும் விழித்தெழு என்பதற்கும் இடையில் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது மக்களின் ஆற்றலை நம்பி, யாருக்கெதிராக, எதற்காக என்ற வினாக்களை எழுப்புவது. பின்னது அவ்வினாக்களைத் தவிர்க்க இடந்தருவது. சுரங்கத்தின் இலாபம் எவரிடம் செல்கின்றது, கடனுக்கு வட்டி கட்டுவோர் யார் என்பவற்றைத் தொடாத அறைகூவல், எத்துணை உருக்கமாயினும், தூரத்திலிருந்து வரும் உறவினரின் புத்திமதியாகவே நின்றுவிடும்.

இத்தொகுப்பை நாம் ஒதுக்கச் சொல்லவில்லை. விற்பனையே வெற்றியெனக் கருதப்படும் துறையில், புகழ் பெற்ற இருவர் ஒரு கண்டத்தின் துயரைத் தம் துயராக எடுத்துக்கொண்டது போற்றத்தக்கது. ஆயினும் அவர்களின் இசை அறிந்த உண்மையை அவர்களின் போதனை எட்டவில்லை. உறவு பிறப்பினால் மட்டும் வாய்ப்பதில்லை. ஒன்றாய்ச் செய்யும் வேலையில் அது வளர்கின்றது. அடிக்கு அடி மாறிப் பாடிய அந்த முதற் பாடலில் இருவரும் அதனைச் செய்து காட்டியிருக்கின்றனர்.