ஸ்பான்சர் நேரில் வரும் நாள்

சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1998இல் நீண்டதொரு புலனாய்வுத் தொடரை வெளியிட்டது. அதன் செய்தியாளர்கள் சாதாரண நன்கொடையாளர்களைப் போலவே நான்கு பெரிய தொண்டு நிறுவனங்களின் வழியாக ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்பான்சர்களாகச் சேர்ந்தார்கள். மாதாமாதம் பணம் கட்டினார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடி அவரவர் நாட்டுக்கே புறப்பட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் ஒரு சிறுமி மின்னல் தாக்கி எப்போதோ இறந்துபோயிருந்தாள். அவள் பெயரில் பணம் மட்டும் வசூலாகிக்கொண்டே இருந்தது. வேறு ஊர்களில் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். ஆனால் சிலருக்குக் கிடைத்த பலன் மிகச் சொற்பம்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஆதரவாக இதைவிட வலுவான சான்று தேவையில்லை. யாரும் போகாதிருந்தால் அந்தச் சிறுமியின் சாவு பல மாதங்கள் ஆகியும் வெளியே தெரிந்திருக்காது.

இந்த ஸ்பான்சர் ஏற்பாட்டின் அடிப்படையே ஒரு படமும் ஒரு பெயரும்தான். 1937இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதையான குழந்தைகளுக்காகப் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் லாங்டன்-டேவிஸ் தொடங்கிய அமைப்புதான் இன்றைய பிளான் இன்டர்நேஷனல். கொரியப் போருக்குப் பின் வேர்ல்ட் விஷன், கம்பாஷன் ஆகிய தொண்டு நிறுவனங்களும் இதே வழியில் வளர்ந்தன. பசியால் வாடும் லட்சம் பேருக்கு என்று கேட்டால் தயங்குகிற கை, இந்த ஒரு பிள்ளைக்கு என்று கேட்டால் நீளுகிறது. அப்படிக் கொடுத்தவர் ஒருநாள் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுவதும் இயல்புதான்.

நிறுவனங்கள் இந்த ஆசைக்கு இடம் கொடுக்கின்றன, கட்டுப்பாடுகளும் வைக்கின்றன. பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். நிறுவன ஊழியர் எப்போதும் கூடவே இருப்பார். முகவரி, தொலைபேசி எண் பரிமாற்றம் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு இவை அவசியம், இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் இதே விதிகள் சந்திப்பின் வழியே உண்மையைச் சோதிக்கும் வலிமையைக் குறைத்தும் விடுகின்றன. நாள் குறித்து, வழிகாட்டியோடு போகிறவர் பார்ப்பது அன்றைக்காகத் தயாரான ஊரை. செய்தியாளர்கள் கண்டதை அவர் காண்பது அரிது.

இந்த உதவியால் பயனே இல்லை என்று சொல்வோரும் உண்டு. அது சரியல்ல. பொருளியலாளர் புரூஸ் வைடிக்கும் வேறு இருவரும் சேர்ந்து இந்தியா, உகாண்டா, கென்யா, குவாத்தமாலா, பொலிவியா, பிலிப்பைன்ஸ் ஆகிய 6 நாடுகளில் 10,144 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கம்பாஷன் வழியாக உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஜகார்த்தாவின் சேரிகளில் பிள்ளைகள் வரைந்த தன்னுருவப் படங்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு, உதவி பெற்றவர்களிடம் நம்பிக்கை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. மதிக்கத்தக்க முடிவுகள்தாம். ஆனால் இவை அளந்தது பல ஆண்டு நீடித்த படிப்புதவியையும் அக்கறையையும். ஸ்பான்சர் ஒருநாள் வந்துபோவதை அல்ல.

அந்த ஒருநாளில் என்ன நடக்கிறது? ஊர் திரண்டு வருகிறது. பாட்டு, நடனம், மாலை. பிள்ளை புதுச் சட்டையில், மொழி தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நன்றி சொல்கிறது. தம்பி தங்கைகள் தள்ளி நின்று பார்க்கிறார்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான். ஜிம்பாப்வேயில் வேர்ல்ட் விஷன் பணிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் எரிக்கா போர்ன்ஸ்டீன், மனிதர்களை இணைக்க வந்த இந்த உறவே ஊருக்குள் பொறாமையையும் ஏற்றத்தாழ்வையும் கிளப்புவதைப் பதிவு செய்திருக்கிறார். பரிசுப் பை ஒரு வீட்டுக்குள் மட்டும் போகும்போது அந்தப் பிளவு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

பணம் போகும் வழியும் குழப்பத்தைக் கூட்டுகிறது. வேர்ல்ட் விஷன் போன்ற அமைப்புகள் நன்கொடையைச் சேர்த்துக் கிணறு, பள்ளி, மருத்துவ வசதி என்று ஊருக்கே செலவிடுகின்றன. என் பணத்தில் இந்தப் பிள்ளைக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்கும் விருந்தாளிக்கு ஊழியர் ஆழ்துளைக் கிணற்றைத்தான் காட்ட முடியும். உண்மையில் அந்தக் கிணறுதான் நல்ல பதில். விளம்பரம் வேறு கதையைச் சொல்லி வைத்திருப்பதால் வந்தவருக்கு அது ஏமாற்றமாகப் படுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பிள்ளைக்கு மறுக்கும் வழி இல்லாதது. 2019இல் வேர்ல்ட் விஷன் ஒரு மாற்றம் செய்தது: ஸ்பான்சர்களின் படங்களைப் பார்த்துக் குழந்தைகளே தங்களுக்கானவரைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால், படிப்புச் செலவு கொடுப்பவர் வாசலுக்கு வரும்போது, இன்றைக்கு எனக்கு மனமில்லை என்று எந்தக் குழந்தை சொல்லும்? எந்தத் தாய் சொல்ல விடுவாள்?

உறவு முறியும்போதும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அந்நிய நன்கொடைக்கு அரசு விதித்த கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் கம்பாஷன் இந்தியாவை விட்டு வெளியேறியது. சுமார் 1,45,000 குழந்தைகளுக்கு உதவி நின்றது, கடிதங்களும் நின்றன. நேரில் வந்து அணைத்துக்கொண்டு போனவர் திடீரென்று இல்லாமல் போவது, முகமே பார்க்காத நன்கொடையாளர் இல்லாமல் போவதைவிட ஒரு பிள்ளைக்கு அதிகம் வலிக்கும்.

இருந்தாலும் சந்திப்புகளைத் தடை செய்வது தீர்வல்ல. அவற்றின் மையத்தில் ஒற்றைப் பிள்ளையை நிறுத்துவதைக் கைவிட வேண்டும். போகிறவர் பள்ளியைப் பார்க்கட்டும், பெற்றோர் குழுவிடம் கணக்குக் கேட்கட்டும், கொண்டுபோவதை வகுப்புக்கே கொடுக்கட்டும். வெளிநாட்டுப் பயணத்தோடு இப்படியொரு சந்திப்பையும் சேர்க்க நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்குமுன் நிறுவனத்திடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: பிள்ளை சந்திப்பு வேண்டாம் என்று சொன்னால் அதன் உதவி குறையுமா, குறையாது என்ற உறுதியைப் பிள்ளையிடம் யார் சொன்னார்கள்? தெளிவான பதில் வராவிட்டால் போகாதீர்கள். பணத்தை மட்டும் நிறுத்தாமல் அனுப்புங்கள்.