குலச்சின்னமும் தனிமனித வளர்ச்சியும்: ஒரு திறனாய்வு

பழங்குடியினரின் விலங்குச் சின்னங்களைத் தனிமனித வளர்ச்சிக்கு வழிகாட்டியாக எடுத்துரைக்கும் நூல்கள் மேலை நாடுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் டெட் ஆண்ட்ரூஸ் 1993-ல் வெளியிட்ட ‘அனிமல் ஸ்பீக்’ பரவலாக வாசிக்கப்படுவது. ஒவ்வொரு பறவை, விலங்கின் இயல்பையும் விவரித்து, அதினின்று வாசகர் தமக்குரிய அறிவுரையைப் பெறும்படி அது செய்கிறது. சிற்றுயிர்களை ஊன்றிக் கவனிக்கத் தூண்டுவதால், நகரவாசிக்கு அது நன்மையே. ஆயினும் ‘டோட்டம்’ என்னும் சொல்லை அது கையாளும் முறையை நாம் ஏற்பதற்கில்லை.

இச்சொல் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்களுடையது. அவர்கள் மொழியில் ‘டூடெம்’ என்பது குலத்தைக் குறிக்கும். நாரை, கரடி, கெளுத்தி முதலிய குலங்கள் தந்தைவழியாக வருவன. ஒரே குலத்தார் தமக்குள் மணம் செய்வதில்லை. அயலூரிலிருந்து வந்த தன் குலத்தானை உறவினனாக ஏற்று உபசரிப்பது கடமை. இளைஞன் உபவாசமிருந்து தரிசனத்தில் பெறும் காவல் ஆவியோ முற்றிலும் வேறு. 1791-ல் இச்சொல்லை ஆங்கிலத்தில் அச்சேற்றிய வணிகர் ஜான் லாங் இவ்விரண்டையும் குழப்பிவிட்டார். லெவி-ஸ்ட்ரோஸ் 1962-ல் இதனைச் சுட்டிக்காட்டினார். அதன் பின்னரும் அக்குழப்பத்தின் மேலேயே இந்நூல்கள் கட்டப்படுகின்றன.

1849-ல் ஒஜிப்வே தலைவர்கள் தங்கள் நிலத்தினின்று அகற்றப்படாதபடி மன்றாட வாஷிங்டன் சென்றபோது, மரப்பட்டையில் வரைந்த மனுவொன்றைக் கொண்டுசென்றனர். அதில் முன்னே நாரை. பின்னே மற்றக் குலங்களின் உயிரினங்கள். அவற்றின் கண்களிலிருந்து நாரையின் கண்ணுக்கும், இருதயங்களிலிருந்து அதன் இருதயத்துக்கும் கோடுகள் செல்கின்றன. நாரையின் கண்ணினின்று ஒரு கோடு அவர்கள் இழக்க விரும்பாத ஏரிகளை எட்டுகிறது. ஒரு ஜனம் ஒரே நோக்கும் ஒரே இருதயமுமாய் வாழ்வுரிமை கேட்ட ஆவணம் அது. அதே நாரையை வாசகரின் மனநிலைக்கு அடையாளமாக்கும்போது ஏரியும் மறைகிறது, உறவினரும் மறைகின்றனர்.

இதைக் கூற நமக்குத் தகுதி உண்டோ என்று கேட்கலாம். இம்மக்களின் வழக்கங்களை அஞ்ஞானமென்று தள்ளியவர்கள் நம் மிஷனெரிமாரே. கனடா ஐக்கிய திருச்சபை 1986-ல் பழங்குடி மக்களிடம் மன்னிப்பு வேண்டியது இதன்பொருட்டே. அன்று திருச்சபை இகழ்ந்ததை இன்று சந்தை விற்கிறது. இரண்டிலும் அம்மக்கள் கலந்தாலோசிக்கப்படவில்லை.

ஆதியாகமம் 49-ஆம் அதிகாரத்தில் யூதா சிங்கமாகவும், இசக்கார் கழுதையாகவும், பென்யமீன் ஓநாயாகவும் உரைக்கப்படுவதை மாணவர் நினைவுகூர்வர். இவற்றைக் குலச்சின்னத்தின் எச்சமெனலாமோ என்பது வேறு விவாதம். ராபர்ட்சன் ஸ்மித் 1880-ல் அவ்வகையில் எழுதியது, 1881-ல் அவர் பதவி இழந்ததற்கு ஒரு காரணமாயிற்று. அவருடைய சான்றுகள் இன்று போதா. ஆனால் 28-ஆம் வசனம் இவர்களைப் பன்னிரண்டு கோத்திரங்களென்றே எண்ணுகிறது. இசக்காரின் கழுதை ஒருவனுடைய குணச்சித்திரம் அன்று, ஒரு கோத்திரம் சுமக்கப்போகும் பாரம். யோபு 39-லோ காட்டுக்கழுதையும் தீக்குருவியும் மனிதனுக்கு எப்பயனுமின்றியே கர்த்தருடைய பேச்சில் இடம்பெறுகின்றன.

இது அந்நியருடைய பிழை மட்டுமன்று. கேரி ஸ்மாலி, ஜான் ட்ரெண்ட் என்னும் கிறிஸ்தவ ஆலோசகர்கள் மனிதரைச் சிங்கம், நீர்நாய், நீரெலி, வேட்டைநாய் என நான்காக வகுத்தனர். குடும்பத்தில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள இது உதவுமென்பதை மறுக்கமாட்டோம். ஆனால் ‘நான் சிங்கம்’ என்று கூறிக்கொண்டு சபையாரிடம் கடுமை காட்டும் போதகருக்கு அது சாக்காகவும் அமையும். மனந்திரும்புதலுக்கு அங்கே இடம் எது?

நம் நாட்டிலேயே சோட்டா நாக்பூரின் ஒராவோன் மக்களிடம் இவ்வழக்கம் உயிரோடிருக்கிறது. கோஸ்னர் மிஷனெரிமார் 1845-ல் ராஞ்சியை அடைந்தபின் அவர்களுள் பலர் கிறிஸ்துவை ஏற்றனர், குலப்பெயரை விடவில்லை. ‘எக்கா’ என்றால் ஆமை. அப்பெயருடைய விசுவாசிக்கு ஆமை பொறுமையைக் கற்பிக்கும் பாடமன்று. தன் உறவினர் யார், தான் எக்குலத்தில் மணமுடிக்கலாகாது என்பதைக் காட்டும் அடையாளம். ஞானஸ்நானத்துக்குப் பின்னும் குலம் எவ்வாறு நிலைத்தது என்பதை நம் மாணவர் எவரேனும் அச்சபையாரிடமே கேட்டு ஆராய்வாராயின், மேற்கூறிய நூல்களைவிட அதனை நாம் ஆவலோடு வாசிப்போம்.